பால் மறக்கடிப்பது எப்போது, எப்படி? – வாசகர் கேள்விகள்

தாய்ப்பாலை எப்போது நிறுத்துவது என்ற கேள்வி இந்த முறை பல ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் ஒன்று சொல்கிறார்கள், மருத்துவர் வேறொன்று சொல்கிறார், இரண்டுக்கும் நடுவில் தாய் தவிக்கிறாள். குழந்தை மருத்துவரும் பாலூட்டல் ஆலோசகரும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

என் மகளுக்கு 13 மாதம், எடை 8 கிலோ 200 கிராம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை பால் குடிக்கிறாள். சோறு நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. “ஒரு வருஷம் தாண்டிட்டா தாய்ப்பால் வெறும் தண்ணி. நிறுத்திட்டு பசும்பால் குடு” என்கிறார் என் மாமியார். டாக்டர் இரண்டு வயது வரை கொடுக்கச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, தேனி

பாலைப் பற்றி டாக்டர் சொல்வது சரி. சாப்பாட்டைப் பற்றி உங்கள் மாமியார் படும் கவலையும் சரி.

தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 65 முதல் 70 கலோரி இருக்கிறது. ஒரு வயது முடிந்ததும் அது தண்ணீராகிவிடுவதில்லை. கொழுப்பும் நோய் எதிர்ப்புப் பொருட்களும் இரண்டாம் ஆண்டிலும் வந்துகொண்டுதான் இருக்கும். குடிக்கத் தொடங்கும்போது வரும் பால் லேசாக நீலம் பாய்ந்து மெல்லியதாகத் தெரியும். மார்பு காலியாகக் காலியாகக் கெட்டியான பால் வரும். அந்த முதல் பாலைப் பார்த்துத்தான் “தண்ணி” என்ற பேச்சு எழுந்திருக்க வேண்டும்.

ஆனால் பால் மட்டுமே போதும் என்ற வயதை உங்கள் மகள் கடந்துவிட்டாள். ஒன்று முதல் இரண்டு வயது வரை குழந்தைக்குத் தேவையான சக்தியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தாய்ப்பால் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பால் போக சுமார் 550 கலோரி சாப்பாட்டிலிருந்து வர வேண்டும். நாலு வாய்ச் சோற்றில் அது வராது. இன்னொன்று, இரும்புச்சத்து. பிறக்கும்போது உடம்பில் சேமித்து வைத்திருந்த இரும்பு ஆறு மாத வாக்கில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. பசும்பாலிலும் குறைவுதான், உணவிலிருந்து இரும்பு உடம்பில் சேர்வதையும் அது தடுக்கும். அதனால் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் முக்கால் லிட்டர் பசும்பாலை ஊற்றினால், சாப்பிடாத பிள்ளை சாப்பிடாத பிள்ளையாகவே இருக்கும். ரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும்.

மாற்ற வேண்டியது வரிசையை. காலையில் எழுந்ததும் பால் கொடுங்கள். அதன் பிறகு சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் பால் வேண்டாம். முதலில் சாப்பாடு, முடிந்ததும் பால். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை, வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் முக்கால் முதல் ஒரு கிண்ணம் என்பது இந்த வயதுக்கு இலக்கு. நடுவில் வாழைப்பழமோ வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ ஒன்றிரண்டு முறை. நாளைக்கே அந்த அளவு வராது. இன்று நாலு வாய் என்றால் அடுத்த வாரம் ஏழெட்டு வாய் வந்தாலே சரியான பாதையில் போகிறீர்கள்.

பக்குவம் முக்கியம். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு, ஒரு பிடி முருங்கைக்கீரை அல்லது ஒரு துண்டு பரங்கிக்காய் போட்டுக் குழைய வேகவையுங்கள். மிக்ஸியில் அடிக்காமல் கையால் மசித்து ஒரு தேக்கரண்டி நெய் விடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் மெல்ல நழுவ வேண்டும், ஒழுகி ஓடக் கூடாது. ரசத்தில் கரைத்த சோறும் பருப்புத் தண்ணீரும் குட்டி வயிற்றை நிரப்பிவிடும், சத்து சேராது. பல வீடுகளில் எடை ஏறாததற்கு இதுதான் காரணம். முட்டை, முள் நீக்கிய மீன், ஈரல் சாப்பிடும் வீடு என்றால் தாராளமாகக் கொடுங்கள். கீரைச் சோற்றில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் அரசுத் திட்டத்தில் கிடைக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள்.

8 கிலோ 200 கிராம் என்பது 13 மாதப் பெண் குழந்தைக்குக் கவலைப்படும் எடை இல்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. அங்கன்வாடியில் வளர்ச்சி அட்டையில் குறித்துப் பாருங்கள். கோடு மேலே போனால் நல்லது. இரண்டு மாதமாகப் படுத்தே கிடந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு வயது முடிந்த அன்றே நிறுத்திவிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். அதற்கு மேல் கொடுத்தால் கெடுதலா?
– வாசகி, நாகப்பட்டினம்

கெடுதல் இல்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு ஆண்டுகள் “அல்லது அதற்கு மேலும்” என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேச்சுவழக்கில் அந்தக் கடைசிச் சொற்கள் உதிர்ந்துபோய், இரண்டு ஆண்டு என்பது கெடு நாளாகிவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் ஓராண்டு என்று சொல்லிவந்ததை மாற்றி, தாயும் சேயும் விரும்பினால் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தொடரலாம் என்று 2022இல் அறிவித்தது.

இஸ்லாமியக் குடும்பங்களில் இரண்டு ஆண்டு என்ற கணக்கு குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனத்திலிருந்து வருகிறது. பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று அது சொல்கிறது. பெற்றோர் இருவரும் கலந்து பேசி, மனம் ஒத்து, முன்னதாகவே நிறுத்தினாலும் குற்றமில்லை என்றும் அதே வசனம் சொல்கிறது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு என்ன என்பதை உங்கள் மார்க்க அறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவப்படி தடை எதுவும் இல்லை.

மகனுக்கு 22 மாதம். எனக்கு முடியவில்லை, நிறுத்த விரும்புகிறேன். போன மாதம் பெரியவர்கள் சொன்னபடி வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் நிறுத்தினேன். அவன் இரவெல்லாம் அழுதான். எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. பயந்து திரும்பக் கொடுத்துவிட்டேன். சரியான முறை என்ன?
– வாசகி, ராஜபாளையம்

முடியவில்லை என்பதே நிறுத்துவதற்குப் போதுமான காரணம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தவறு, ஒரே நாளில் நிறுத்தியதில்தான்.

மார்பில் பால் தங்கினால், “போதும், குறைத்துக்கொள்” என்று உடம்புக்குச் செய்தி போகும். ஆனால் சுரப்பு குறையச் சில நாள் பிடிக்கும். அதற்குள் நேற்றுவரை ஆறு முறை காலியான மார்பு ஒரே நாளில் அடைபட்டால் வீங்கிக் கல்லாகும், குழாய்கள் அழுந்தும், அழற்சி வரும், கவனிக்காவிட்டால் சீழ்க்கட்டியே வைக்கும். குறைப்பதை மெதுவாகச் செய்தால் இதில் எதுவும் வராது.

குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போதும், வீடு மாறும்போதும் தொடங்காதீர்கள். முதலில் அவன் அதிகம் தேடாத வேளையை நிறுத்துங்கள். பெரும்பாலும் அது நடுப்பகல் பாலாக இருக்கும். அந்த நேரத்துக்குச் சற்று முன்பே ஏதாவது சாப்பிடக் கொடுத்து, வழக்கமாகப் பால் கொடுக்க உட்காரும் இடத்தில் உட்காராமல் வெளியே அழைத்துப் போங்கள். நாலைந்து நாள் கழித்து, மார்பு இறுகாமல் இருந்தால், அடுத்த வேளை. இறுகினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். காலை எழுந்ததும் கேட்கும் பாலும் தூங்கப் போகும்போது கேட்கும் பாலும் கடைசி. மொத்தமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவன் கேட்காதவரை நீங்களாக நீட்ட வேண்டாம்.

இரவுதான் கஷ்டம். பத்து நாளைக்கு அப்பாவோ பாட்டியோ தூங்க வைக்கட்டும். உங்கள் மேல் பால் வாசம் இருக்கும். நீங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டே “பால் இல்லை” என்று சொன்னால் அவனுக்கு அது புரியாது. நடுராத்திரி விழித்தால் டம்ளரில் தண்ணீர், தோளில் போட்டுத் தட்டல், அவ்வளவுதான். பாட்டிலில் பால் வேண்டாம். ஒரு பழக்கத்தை விடவைத்து இன்னொன்றைப் பிடித்துக் கொடுத்ததாகிவிடும், பல்லும் சொத்தையாகும். பகலில் பசும்பாலை டம்ளரில் கொடுங்கள், நாளைக்கு 400 முதல் 500 மில்லிக்கு மேல் வேண்டாம்.

மார்பு இறுகினால் இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும், ஓரிரு நிமிடம் கையால் பீய்ச்சி எடுங்கள். முழுக்கப் பீய்ச்சினால் உடம்பு அதைத் தேவை என்று எடுத்துக்கொண்டு மறுபடி சுரக்கும். குளிர்ந்த நீரில் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் வைக்கலாம். வலிக்கு பாராசிட்டமால் போதும். சேலைத் துணியால் இறுகக் கட்டாதீர்கள், குழாய் அடைபட அதுவே காரணமாகும். அளவான பிரா போதும். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதால் பால் வற்றாது. மார்பின் ஒரு பக்கம் சிவந்து சூடாகி, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். அந்த நாட்களில் அந்தப் பக்கம் கொடுப்பதைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, அந்தப் பாலால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மூளை மற்றும் கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மார்பில் தடவுவதில் ஆபத்து அதைவிடக் குறைவுதான் என்றாலும், இந்த வயதுக் குழந்தையிடம் அந்த விளையாட்டு கூடாது. மிளகாய் தடவினால் குழந்தையின் வாயும் உங்கள் தோலும் சேர்ந்து எரியும். மார்பில் மல்லிகைப்பூ கட்டுவது வேறு. பிரசவமான பெண்களிடம் பால் சுரப்பை நிறுத்த மல்லிகைப்பூவையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வு 1988இல் வெளிவந்தது. வலியும் வீக்கமும் இரண்டிலும் ஒரே மாதிரி குறைந்தன. அது பிள்ளை பெற்ற சில நாட்களில் செய்த ஆய்வு, 22 மாதம் கொடுத்தவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. கட்ட விரும்பினால் கட்டிக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. மாத்திரையை மட்டும் மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். ரத்த அழுத்தம், பக்கவாதம் தொடர்பான ஆபத்துகளால், பால் நிறுத்துவதற்கான அதன் பயன்பாடு அமெரிக்காவில் 1990களிலேயே கைவிடப்பட்டது.

நிறுத்திய பிறகும் சில வாரம், சிலருக்குச் சில மாதம், அழுத்தினால் பால் துளிர்க்கும். அது இயல்பு. காரணமில்லாமல் அழுகை வருவதும் உண்டு, பால் சுரப்பு ஹார்மோன்கள் இறங்கும் நேரம் அது. அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூத்தவனுக்கு 14 மாதம். மறுபடி நான்கு மாத கர்ப்பம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கொடுக்கும் பால் ஆகாது என்கிறார்கள். உடனே நிறுத்த வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

அந்தப் பாலில் விஷம் எதுவும் இல்லை. நான்கு, ஐந்தாம் மாதத்தில் சுரப்பு குறையும், சுவையும் மாறும். பல குழந்தைகள் அப்போது தாமாகவே விட்டுவிடுவார்கள். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள், ரத்தக்கசிவோ அடிக்கடி வயிறு இறுகுவதோ உள்ளவர்கள், இரட்டைக் கரு தரித்தவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள் மட்டும் மகப்பேறு மருத்துவரைக் கேட்டுத்தான் தொடர வேண்டும். மற்றவர்கள் தொடரலாம். உங்களுக்குத் தினமும் ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக வேண்டும், இரும்பு மாத்திரை தவறக் கூடாது.

பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்று நம்பி இருந்துவிடுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், மாதவிலக்கு திரும்பாமல், இரவு பகல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும்போதுதான் அந்தப் பாதுகாப்பு. மூன்றில் ஒன்று தவறினாலும் வேறு முறை வேண்டும்.

26 வார விடுப்பு முடிகிறது. வேலைக்குப் போனால் தாய்ப்பாலை நிறுத்தித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, சென்னை

வேண்டாம். ஒரு வாரம் முன்பே பழகுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் மார்புக்கூட்டை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தி விடுங்கள். தோல்மேல் விரலை வழுக்கி இழுக்காதீர்கள், புண்ணாகும். வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, 15 முதல் 20 நிமிடம். 60 மில்லி அளவுகளாகப் பிரித்து, தேதி, நேரம் எழுதி வையுங்கள். 25 டிகிரி அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். சென்னை வெயிலில் அதை நம்பாமல் உடனே குளிர்ப்பெட்டியின் உள்பக்கத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம். அங்கே நான்கு நாள் வரை இருக்கும். மேலே ஆடைபோல் கொழுப்பு பிரிந்து நிற்பது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். அடுப்பிலும் மைக்ரோவேவிலும் வேண்டாம். பாலாடைச் சங்கிலோ கப்பிலோ புகட்டச் சொல்லுங்கள்.

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய் வரலாம் என்று 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் சொன்னது; 2025 நவம்பரில் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை இரண்டு பாலூட்டும் இடைவேளையும் சட்டப்படி உண்டு. எழுத்தில் கேளுங்கள்.

என் பேரனுக்கு மூன்று வயது ஆகிவிட்டது. மருமகள் இன்னும் பால் கொடுக்கிறாள். விசேஷ வீட்டில் எல்லார் முன்னாலும் சேலையை இழுக்கிறான், எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சொன்னால் அவள் வருத்தப்படுகிறாள்.
– வாசகி, தூத்துக்குடி

அம்மா, மூன்று வயதுப் பிள்ளை பால் குடிப்பதில் நோய் எதுவும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறானா, விளையாடுகிறானா, பல் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரவு பல் துலக்கிய பிறகு பால் குடித்துக்கொண்டே தூங்கும் வழக்கத்தை மட்டும் விடவைக்க வேண்டும். நிறுத்துவது எப்போது என்பதை உங்கள் மருமகளிடமே விட்டுவிடுங்கள்.

சேலையை இழுப்பதற்கு வழி இருக்கிறது. மூன்று வயதுக்குப் பேச்சு புரியும். “பால் நம்ம வீட்டில் மட்டும்தான், படுக்கப் போகும்போது மட்டும்தான்” என்று மருமகளே கிளம்புவதற்கு முன் அவனிடம் சொல்லட்டும். வெளியில் கேட்டால் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லட்டும். ஒரு நாள் சரி, ஒரு நாள் இல்லை என்று மாற்றினால்தான் பிள்ளை இழுத்துப் பார்க்கும். விசேஷ வீட்டுக்குப் போகும்போது முறுக்கும் தண்ணீரும் உங்கள் பையில் இருக்கட்டும். அவன் சிணுங்கத் தொடங்கியதும் மருமகள் மடியிலிருந்து தூக்கிக்கொண்டு வாசல்பக்கம் போய்விடுங்கள்.