‘ஃபிரிடெரிகுஸ் ரெக்ஸ்’ மௌனப்படம் நாஜிகளுக்கு வழிவகுத்த பிரச்சாரப் படம் என்கிறார்களே, அதை ரசிப்பது தவறா?

படத்தைப் பார்த்திருக்கிறீர்கள், பிடித்தும் இருந்திருக்கிறது, அதைச் சொன்னதற்கு யாரோ முகம் சுளித்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு நேர்ந்ததும் அதுதான்.

ஜெர்மனியில் படித்த காலத்தில், மாணவர் திரைப்படக் குழு ஒன்று இதன் முதல் இரண்டு பாகங்களைப் பியானோ இசையோடு திரையிட்டது. படத்தில், பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசின் இளவரசன் ஃபிரெடரிக் (பின்னாளில் மகா ஃபிரெடரிக்) புல்லாங்குழலும் பிரெஞ்சுப் புத்தகங்களுமாக வளர்கிறான். படை, பக்தி, சிக்கனம் தவிர வேறொன்றும் அறியாத தந்தை அவனை வதைக்கிறார். 1730இல் தப்பியோட முயன்று பிடிபடுகிறான். உடந்தையாயிருந்த நண்பன் கட்டேவுக்கு இராணுவ நீதிமன்றம் ஆயுள் சிறைதான் விதித்தது. அரசரோ அதை மரண தண்டனையாக மாற்றி, கியூஸ்ட்ரின் கோட்டையில் பதினெட்டு வயது மகன் பார்த்திருக்கும்படி நிறைவேற்றினார். அந்தக் கட்டத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு நடந்த கலந்துரையாடலில் அதைச் சொன்னபோது, நடத்திக்கொண்டிருந்தவர், “1922இல் இருந்திருந்தால் நீங்களும் எழுந்து நின்று கைதட்டியிருப்பீர்கள்” என்றார். அவை சிரித்தது. பதில் சொல்லும் அளவுக்கு அப்போது என் ஜெர்மன் மொழி தேறியிருக்கவில்லை. ஆகவே இங்கே சொல்கிறேன்.

முதலில் காலத்தைப் பாருங்கள். ஆர்சென் வான் செரேபி இயக்கிய இந்த நான்கு பாகப் படம் 1922இலும் 1923இலும் வெளிவந்தது. ஹிட்லரின் கட்சி அன்று பெரும்பாலும் பவேரியாவுக்குள் அடங்கிக் கிடந்த சிறு கட்சி. முதல் உலகப் போரில் தோற்று, 1918இல் பேரரசர் கைசர் ஹாலந்துக்கு ஓடிப்போய், வெர்சாய் சமாதான உடன்படிக்கையால் படை ஒரு லட்சமாகச் சுருங்கிப்போன நாட்டில், திரையில் ஓர் அரசர் நிமிர்ந்து நின்றதைக் கண்டு மக்கள் ஆர்ப்பரித்தார்கள். இடதுசாரிப் பத்திரிகைகள் புறக்கணிக்கச் சொல்லியும் கூட்டம் குறையவில்லை. அது முடியாட்சி ஏக்கம். அந்த ஏக்கத்தை நாஜிகள் பின்னர் அறுவடை செய்துகொண்டார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. இதில் ஃபிரெடரிக்காக நடித்த ஓட்டோ கெபூரையே 1942இல், போருக்கு நடுவே, அதே வேடத்தில் மறுபடியும் நிறுத்தினார்கள்.

ஆனால் பிரச்சாரத்தை அணிவகுப்பிலும் முரசிலும் தேடுகிறவர்கள் இரண்டாம் பாகத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள். கட்டே வெட்டுண்டபின் இளவரசன் மெல்ல மெல்லப் பணிகிறான், விருப்பமில்லாத மணத்தை ஏற்கிறான், சாகும் தந்தையிடமிருந்து மகுடத்தைப் பெறுகிறான். நண்பனின் கொலை கடைசியில் அவனை அரசனாகப் பக்குவப்படுத்திய பயிற்சி போல ஆகிவிடுகிறது. அடங்கிப்போன கலகக்காரனின் கதை இது என்று திரைப்பட விமர்சகர் சீக்ஃப்ரீட் கிராகவர் 1947இலேயே எழுதிவிட்டார். ஆக, கட்டேவுக்காகக் கலங்குவதில் பிழையில்லை. அந்தக் கண்ணீரை அப்பாவின் கணக்கில் வரவு வைக்கப் படம் கேட்கும்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். தந்தையாக நடிக்கும் ஆல்பர்ட் ஸ்டைன்ரூக்கின் கனத்த உடலும் உறுமும் முகமும் அதை இன்னும் எளிதாக்கிவிடுகின்றன என்பதைத்தான் அன்று சொல்ல நினைத்தேன்.

உடனே என்னை முடியாட்சிப் பித்தன் என்று எழுத வரவேண்டாம். அரியணை ஏறிய 1740ஆம் ஆண்டிலேயே விசாரணைச் சித்திரவதையைப் பெரும்பாலும் ஒழித்தவரும், அதே ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரியாவின் சிலேசியாவுக்குள் படையோடு நுழைந்தவரும் ஒரே ஃபிரெடரிக்தான். தன் நாய்களுக்கு அருகில் சான்சூசி அரண்மனையின் மாடித் தோட்டத்தில் புதைக்கச் சொன்னவரை போட்ஸ்டாம் படைத் தேவாலயத்தில் வைத்தார்கள். 1933 மார்ச் 21 அன்று ஹிட்லர் தன் ஆட்சிக்கு மரபுப் பூச்சு பூசிக்கொண்டது அங்கேதான். விரும்பிய இடம் அவருக்கு 1991இல்தான் கிடைத்தது. நான் போனபோது அந்தத் தட்டையான கல்லின் மேல், உருளைக்கிழங்குப் பயிரைப் பரப்பியவர் என்பதற்காக, யாரோ மண் ஒட்டிய கிழங்குகளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்னொன்று. இணையத்தில் தவறான வேகத்தில், சம்பந்தமில்லாத இசையோடு ஓடும் ஐந்து நிமிடத் துண்டைப் பார்த்துவிட்டு மௌனப்படங்களுக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. இந்தப் படத்துக்கென்றே மார்க் ரோலண்ட் இசை எழுதியிருக்கிறார். முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்தே பாருங்கள், ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது. போர் பார்க்க விரும்பினால் நான்காம் பாகம் வரை போகலாம். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.