வெற்றிலையைக் குறைப்பது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ரங்கூனில் ஒரு பல் மருத்துவரிடம் 17 வருடம் உதவியாளராக இருந்தேன். அதற்கு முன்பே 12 வருடம் புகையிலை வைத்த வெற்றிலை மென்றவள் நான். எட்டு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட்டேன். போன வாரம் நீங்கள் அனுப்பியவற்றில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் ரங்கூனில் டாக்சி ஓட்டுகிறேன். ஒரு நாளைக்கு முப்பது வெற்றிலை ஆகிறது. பாதியாக்கலாம் என்று மூன்று தடவை முயன்றேன், இரண்டு நாள் தாண்டவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: தம்பி, எடுத்த எடுப்பில் பாதியாக்கப் பார்த்ததுதான் சிக்கல். முதல் வாரம் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள், எண்ணுங்கள், அது போதும். வண்டியில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். வண்டி நின்றதும் மணியையும் காரணத்தையும் ஒரே சொல்லில் எழுதுங்கள்: ‘சவாரி இல்லை’, ‘தூக்கம்’, ‘சாப்பாடு’ என்று. நான் எண்ணியபோது 18 வந்தது. அதில் ஏழு, யாரோ நீட்டினார்கள் என்பதற்காக வாங்கிப் போட்டவை. போட்ட நினைவுகூட எனக்கு இல்லை. இரண்டாவது வாரம் அந்த ஏழையும் நிறுத்தினேன். உடம்பு அவற்றைத் தேடவே இல்லை.

உங்கள் கணக்கையே பாருங்கள். விழித்திருப்பது 16 மணி நேரம், முப்பது வெற்றிலை, ஏறக்குறைய அரை மணிக்கு ஒன்று. ரத்தத்தில் ஏறிய நிகோட்டின் பாதியாகக் குறையவே சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். அரை மணிக்கு ஒருமுறை கேட்பதில் பாதிக்கு மேல் கைப்பழக்கம். அதை முதலில் எடுங்கள், அப்புறம் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ குறையுங்கள். எழுந்ததும் போடுவதும் சோற்றுக்குப் பின் போடுவதும்தான் கடினமானவை, அவை கடைசிவரை இருக்கட்டும்.

கடையில் பிளாஸ்டிக் பையில் நாலைந்தாகக் கட்டித் தருவதை இனி வாங்காதீர்கள். ஒவ்வொன்றாக வாங்குங்கள். வண்டியை ஓரங்கட்டி இறங்க வேண்டும் என்றாலே பல தடவை ஆசை அடங்கிவிடும். உங்களைத் தூரத்தில் கண்டதுமே கடைக்காரர் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிடுவார். அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், “இனி புகையிலை பாதி போதும்” என்று. சுண்ணாம்பின் காரத்தன்மைதான் நிகோட்டினைக் கன்னத்து உள்தோல் வழியாக வேகமாக ஏற்றிவிடுகிறது, அதையும் மெல்லிசாகத் தடவச் சொல்லுங்கள். குறைக்கத் தொடங்கும் முதல் சில நாள் தூக்கம் தள்ளும், எரிச்சல் வரும். அந்த நாட்களில் இரவுச் சவாரி வேண்டாம்.

கேள்வி: மோல்மேனிலிருந்து எழுதுகிறேன். ஒரேயடியாக விடுவதுதான் நல்லது, குறைப்பதெல்லாம் ஏமாற்று என்று என் மாமா சொல்கிறார். உண்மையா?

பதில்: நான் குறைத்து விட்டவள், ஆனாலும் உங்கள் மாமா சொல்வதில் நியாயம் உண்டு. இங்கிலாந்தில் 697 புகைப்பவர்களை இரண்டு பிரிவாக்கி ஓர் ஆய்வு செய்தார்கள், அது 2016இல் வெளியானது. ஒரு பிரிவு குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியது. மற்றது இரண்டு வாரம் குறைத்துவிட்டு நிறுத்தியது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவில் 49 சதவீதம் பேரும் இரண்டாவதில் 39 சதவீதம் பேரும் தொடாமல் இருந்தார்கள். அது சிகரெட்டைப் பற்றிய ஆய்வு, வெற்றிலைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: இரண்டு பிரிவுக்கும் நிறுத்தும் நாள் முன்பே குறிக்கப்பட்டிருந்தது.

தேதி இல்லாமல் குறைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பத்துக்கு வருவார்கள், அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள், ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் இருபதாகிவிடும். ஒரேயடியாக விட முடிகிறவர் விடட்டும். முடியாதவர் காலண்டரில் ஒரு நாளைக் குறித்துவிட்டுக் குறைக்கட்டும். நம் பர்மியப் பக்கத்து வீட்டார், வா என்னும் பௌத்தர்களின் மழைக்கால விரதம் தொடங்கும் பௌர்ணமியிலிருந்து மூன்று மாதம் ஏதாவது ஒன்றை விட்டு விரதம் இருப்பார்கள். அந்த நாளைக் குறித்துக்கொண்டால் தெருவே துணையாக இருக்கும்.

கேள்வி: புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு, இனிப்பு வைத்துப் போட்டால் ஆபத்து இல்லைதானே?

பதில்: இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில், பாக்கு தனியாகவே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. புகையிலையை எடுப்பது வழியில் ஒரு படி, அங்கே நின்றுவிடாதீர்கள்.

கேள்வி: அக்கா, தீமிதிக்குக் காப்புக் கட்டினால் பத்து நாளும் வெற்றிலையைத் தொட மாட்டேன். காப்பு அவிழ்த்த அன்றைக்கே இரண்டு மடங்கு போடுகிறேன். எனக்குக் கட்டுப்பாடு இருக்கிறதா, இல்லையா?

பதில்: இருக்கிறது தம்பி! இந்தக் கேள்வியைப் படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். புகையிலையை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில்தான் தவிப்பு உச்சத்துக்குப் போகும். அந்த மேட்டை நீங்கள் வருடாவருடம் ஏறி இறங்குகிறீர்கள். ‘தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்’ என்று சொல்லிக் கைவிட்டுவிடுகிறார்களே, அவர்களுக்கு உங்களைத்தான் காட்ட வேண்டும்.

விரதத்தின்போது என்னவெல்லாம் மாறுகிறது என்று யோசியுங்கள். வீட்டில் வெற்றிலை இருக்காது. யாரும் நீட்ட மாட்டார்கள். மஞ்சள் கயிறைக் கண்டாலே கடைக்காரரும் கேட்க மாட்டார். பதினோராம் நாள் இவை எல்லாம் ஒரே மணியில் போய்விடுகின்றன, உங்கள் மனம் மட்டும் தனியாக நிற்கிறது. அதனால் அடுத்த முறை பதினோராம் நாளுக்கும் ஏற்பாடு செய்துகொண்டு காப்புக் கட்டுங்கள். அன்று யாரோடு இருப்பீர்கள், மென்பதற்குச் சோம்போ ஏலக்காயோ சட்டைப் பையில் இருக்குமா, டீக்கடையில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள், எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்யுங்கள். டீக்கடை மேசையில் சும்மா வைத்திருக்கும் பச்சைத் தேநீர் பெரிய உதவி. ஒரு கோப்பையை மெதுவாகக் குடித்து முடிப்பதற்குள் ஆசை பெரும்பாலும் தணிந்துவிடும்.

கேள்வி: தட்டோனில் இருக்கும் அப்பாவுக்கு வயது 64. வெற்றிலைப் பெட்டியை ஒளித்து வைத்தால் வீட்டில் சண்டை. இப்போதெல்லாம் காரம் பட்டால் வாய் எரிகிறது என்கிறார்.

பதில்: அம்மா, பெட்டியை விடுங்கள், வாயைப் பாருங்கள். வாயைப் பெரிதாகத் திறந்து மூன்று விரலைச் செங்குத்தாக வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால், அல்லது கன்னத்து உள்பக்கம் வெளுத்து விறைத்திருந்தால், பாக்கினால் உள்தோல் நார் பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். அது பழைய நிலைக்குத் திரும்பாது. நிறுத்தினால் மேலும் மோசமாகாமல் தடுக்க வாய்ப்பு உண்டு. சுரண்டினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலும் அப்படித்தான், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நிலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க நேரமில்லை.

ஒளித்து வைத்தால் அவர் வெளியே போய்ப் போடுவார். மருத்துவர் கண்ணாடியில் காட்டி விளக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். எங்கள் நாற்காலியில் அந்தக் கண்ணாடியைப் பார்த்த பிறகு அமைதியாகிவிட்ட அப்பாக்கள் பலர்.

கேள்வி: கல்யாணத்தில் தாம்பூலத்தை மறுத்தால் மரியாதைக் குறைவாகாதா?

பதில்: ஆகாது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுங்கள், வீட்டுச் சாமி படத்தின் முன் வையுங்கள். தாம்பூலம் வாங்குவதுதான் முறை, அங்கேயே மெல்ல வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை.

கேள்வி: ஒரு நாளைக்கு இரண்டு என்று மூன்று வாரம் இருந்தேன். நேற்று ஒரு சாவு வீட்டில் இரவு முழுக்க விழித்திருந்து பத்துப் போட்டுவிட்டேன். எல்லாம் வீண்தானே அக்கா?

பதில்: எனக்கும் ஐந்தாவது மாதத்தில் இதே நடந்தது, அதுவும் ஒரு சாவு வீட்டில்தான். மறுநாள் வெட்கத்தில் நோட்டை எடுக்கவில்லை, அந்த வாரம் முழுக்கப் போய்விட்டது. நோட்டை மூடியதுதான் நான் செய்த பெரிய தவறு. நீங்கள் இன்றைக்கே எழுதுங்கள்: பத்து, சாவு வீடு, தூக்கமில்லை. மூன்று வாரத்தில் 42 வெற்றிலையோடு இருந்திருக்கிறீர்கள், பழைய கணக்கில் அது எத்தனை நாளுக்கான வெற்றிலை என்று பக்கத்தில் குறியுங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுபடி அந்த வீட்டுக்குப் போவீர்கள் அல்லவா? வெற்றிலைத் தட்டு இருக்கும் பக்கம் உட்காராமல், சமையல் வேலைக்குக் கை கொடுக்கப் போய்விடுங்கள். நாளைக்கு மறுபடியும் இரண்டு.