எல்லாமே வியாக்கியானம்னா அந்தப் பேச்சும் வியாக்கியானம்தானே?

கேள்வி: "அறிவுன்னு நாம சொல்றதெல்லாமே வியாக்கியானம்தான்"னு சொல்றவங்க, அந்த வாக்கியத்தையே எப்படி நியாயப்படுத்துவாங்க?

ஓரளவுக்கு முடியும்னுதான் நான் நினைக்கிறேன். 1886ல ஜெர்மன் தத்துவவாதி நீட்சே இயற்பியல்காரங்கள பார்த்து, நீங்க பெருமையா பேசற 'இயற்கை விதி' மூலபாடம் இல்ல, உங்க வியாக்கியானம், அதுவும் மோசமான வியாக்கியானம்னு எழுதிட்டு, இதுவும் வியாக்கியானம்தானேன்னு கேப்பீங்களா, அதுவும் நல்லதுதான்னு முடிச்சாரு. எல்லாரும் அந்தக் கடைசி வரியத்தான் பிடிச்சுக்கறாங்க. எனக்கு "மோசமான"ங்கற வார்த்தைதான் முக்கியம், ஏன்னா அவர் பழைய கிரேக்க ஏடுகள்ல எது சரியான வாசகம்னு ஒப்பிட்டுப் பார்த்துப் பழகுன ஆளு, ஒரு வரிய தப்பா படிக்க முடியும்னு அவருக்கு நல்லாவே தெரியும்.

அப்படி தப்பா படிச்ச ஒரு கல்வெட்ட பாக்க, மதுரை பக்கத்துல மாங்குளம் மலைக்கு போயிருந்தேன். குகைப் பாறையில டார்ச்ச நேரா அடிச்சா வெட்டு எது, கல்லோட சொரசொரப்பு எதுன்னே தெரியல, பக்கவாட்டுல அடிச்சா கோட்டுக்குள்ள நிழல் விழுந்து எழுத்து எழும்பி வருது. 1882லயே கண்டுபிடிச்ச கல்வெட்டு இது. பிராமிங்கற பழைய எழுத்துல இருக்கறதால இந்த மாதிரி குகைக் கல்வெட்டெல்லாம் பிராகிருதம் இல்லன்னா பாலிங்கற பழைய வடக்கத்தி மொழின்னுதான் ரொம்ப காலம் நினைச்சாங்க. 1924ல கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர், இதுல ழ, ற, ன வருது, பிராகிருதத்துக்கு தேவையான, க, த, ப-வோட அழுத்தி உச்சரிக்கற வகை எழுத்தெல்லாம் (kha, ga, gha மாதிரி) பெரும்பாலும் காணோம், அப்ப இது தமிழ்தான்னு காட்டினாரு. 1965ல இன்னொரு கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் இதே மலையில பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பேரை படிச்சாரு.

ரெண்டு தரப்புமே வியாக்கியானம்தான் பண்ணாங்க, யாரும் கல்லுக்குள்ள புகுந்து நேரா அர்த்தத்த எடுத்துட்டு வரல. ஆனா 'ழ'ன்னு ஒரு எழுத்து அங்க வெட்டியிருக்கு, பிராகிருதம்னு சொல்றவர் அதுக்கு பதில் சொல்லியே ஆகணும்.

அதனால "எல்லாம் வியாக்கியானம், சிலது நல்லது சிலது மோசம்"னு சொன்னா பிரச்சினையே இல்ல, அந்தப் பேச்சையும் அதே மாதிரி சோதிச்சு பாத்துக்கலாம். "எல்லாம் வியாக்கியானம், அதனால எதுவும் எதைவிடவும் மேல் இல்ல"ன்னு சொன்னாதான் சிக்கல், ஏன்னா இதுக்கு எதிரா பேசறவர விட்டுட்டு இவர நாம ஏன் நம்பணும்னு கேட்டா அவர்கிட்ட பதிலே இருக்காது. உங்ககிட்ட யாராவது இத சொன்னா, ஒரு வியாக்கியானம் தப்பாகறதுக்கு வழி இருக்கான்னு முதல்ல கேளுங்க, அவர் இந்த ரெண்டுல எத சொல்றாருன்னு தெரிஞ்சிடும்.