பல்லாங்குழில கணக்கு இருக்கு, அதைச் சொல்லிக் கெடுத்துடாதீங்க

கேள்வி: என் மக அஞ்சாவது படிக்கிறா. மத்த பாடமெல்லாம் நல்லாத்தான் படிப்பா, கணக்கு நோட்டை எடுத்தாலே கண்ணுல தண்ணி வந்துடுது. நானும் கணக்குல வீக்குதான், ஆனாலும் தினமும் சாயங்காலம் கூட உக்காந்து சொல்லிக் குடுக்கிறேன், கடைசில ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டுத்தான் எந்திரிக்கிறோம். விளையாட்டா சொல்லிக் குடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, எப்படின்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. (ஒரு அம்மா, கண்டனூர்)

பதில்: மொதல்ல அந்த சாயங்கால டியூஷனை கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கம்மா. கோவிச்சுக்காதீங்க, காரணம் இருக்கு. அமெரிக்காவுல ஒண்ணாவது ரெண்டாவது படிக்கிற பிள்ளைகளை வச்சு பண்ணுன ஒரு ஆய்வு 2015-ல வந்துச்சு, கணக்குன்னாலே பயப்படுற அப்பா அம்மா அடிக்கடி ஹோம்வொர்க்ல உதவி பண்ணுன வீட்டுப் பிள்ளைங்க அந்த வருசம் கணக்கு கம்மியாத்தான் கத்துக்கிட்டாங்களாம், பயமும் கூடிப்போச்சாம். அதே பயந்த பெத்தவங்க ஹோம்வொர்க் பக்கம் ரொம்பப் போகலைன்னா இந்தப் பாதிப்பு தெரியல. மனசுக்குள்ள நம்பரை நிறுத்தி வச்சுக் கூட்டிக் கழிக்க கொஞ்சூண்டு எடம்தான் இருக்கு, பயம் வந்தா அந்த எடத்தை அது புடிச்சுக்கும். "நேத்துத்தானடி சொல்லிக் குடுத்தேன்"னு நீங்க கேக்குற நேரத்துல அவளுக்கு ஏழெட்டு எவ்வளவுன்னே மறந்துபோறது அதனாலதான், சோம்பேறித்தனம் இல்ல.

வீட்டுல பரண்ல எங்கயாச்சும் பல்லாங்குழி கிடக்கும், எடுங்க. ஆயாவோ அப்பத்தாவோ இருந்தா அவங்களையும் உக்கார வைங்க. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. ஆட்டம் ஊருக்கு ஊரு கொஞ்சம் மாறும், நான் சொல்றது இதுதான்: ஒரு குழிய அள்ளி அடுத்தடுத்த குழில ஒவ்வொண்ணா போட்டுக்கிட்டே போகணும், கை காலியானதும் அடுத்த குழிய அள்ளணும், அந்த அடுத்த குழி வெறுங்குழியா இருந்தா அதைத் தடவிட்டு அதுக்கடுத்த குழில இருக்கிறதை எடுத்துக்கலாம், அத்தோட அந்த ஆட்டம் முடிஞ்சுது. நாலு சேந்தா பசு, அது அந்தக் குழிக்காரருக்கு.

ரெண்டு மூணு நாள் சும்மா ஆடுங்க. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேளுங்க, "மொத ஆட்டத்துல எந்தக் குழிலருந்து அள்ளுனா நிறையக் கிடைக்கும்?" அவ ஒவ்வொரு குழியா அள்ளிப் பாப்பா. எங்க ஆரம்பிச்சாலும் 7 கொட்டைதான் வரும்! ஓரத்துக் குழில ஆரம்பிச்சாலும் 7, நடுக்குழின்னாலும் 7. ஆட்டம் சுத்திச் சுத்தி வருது, எல்லாக் குழிலயும் ஒரே அளவு இருக்கு, அப்ப ஒரு குழி மட்டும் எப்படி ஒசத்தியா இருக்க முடியும்? இதை நீங்க சொல்லாதீங்க, அவளே வந்து சொல்லட்டும். அடுத்து குழிக்கு 6 போட்டுப் பாப்போமான்னு அவளே கேப்பா, கேக்கலைன்னா நீங்க போட்டு வைங்க. அதுலயும் 7-தான் வரும், ஆனா 5 போட்டப்ப அஞ்சு தடவை அள்ள வேண்டியிருந்துச்சு, 6 போட்டா ரெண்டே அள்ளுல முடிஞ்சுடும். ஏன்? எனக்குத் தெரிஞ்சு பெரியவங்களே இதுக்கு பேப்பர் பேனா எடுத்துடுவாங்க.

ரெண்டு விஷயம் மட்டும் செய்யாதீங்க. நடுவுல நிறுத்தி "பாத்தியா, இதுதான் கணக்கு"ன்னு சொல்றது ஒண்ணு, அத்தோட விளையாட்டு பரீட்சையாயிடும், பிள்ளை உஷாராயிடுவா. இன்னொண்ணு, வேணும்னே தோக்குறது. பிள்ளைங்களுக்கு அது உடனே தெரிஞ்சுடும், நிஜமா ஜெயிக்கப் பாருங்க. அப்புறம், "எனக்கும் கணக்கு வராது, உனக்கும் என்னை மாதிரி"ன்னு அவ காதுபட சொல்ற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடுங்க.

கேள்வி: தேவகோட்டை பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளில கணக்கு டீச்சரா இருக்கேன். எட்டாவதுல நாப்பது பிள்ளைங்க, போர்ஷன் முடிக்கவே நேரம் பத்தல, இதுல கேம் எங்க நடத்துறது? சத்தம் போட்டா பக்கத்து கிளாஸ்லருந்து ஆள் வந்துடுது.

பதில்: எல்லா பாடத்துக்கும் கேம் தேட வேண்டாம் டீச்சர், தேடுனா உங்களுக்குத்தான் சலிச்சுப்போகும். நிகழ்தகவு மாதிரி ஒண்ணு ரெண்டு இடத்துல வச்சாப் போதும். வீட்டுல பித்தளைத் தாயக்கட்டை இருக்கிற பிள்ளைங்களை கொண்டாரச் சொல்லுங்க, இல்லாட்டி 0, 1, 2, 3ன்னு நாலு துண்டுச் சீட்டு எழுதி, ஒண்ணை எடுத்துப் பாத்துட்டு திரும்பப் போட்டு மறுபடி ஒண்ணு எடுக்கச் சொன்னா அதே கணக்குத்தான். ரெண்டையும் கூட்டிக்கணும், கூட்டி 1 வந்தா தாயம், ரெண்டும் 0 விழுந்தா 12, அது எல்லாருக்கும் தெரியும்.

உருட்டுறதுக்கு முன்னாடி எது அதிகம் விழும்னு ஒவ்வொருத்தரும் நோட்டுல எழுதி வைக்கணும், இதை மட்டும் விட்டுடாதீங்க. எழுதிட்டா அது அவன் கட்சி, அப்புறம் தாயம் தாயம்னு அவனே எண்ண ஆரம்பிச்சுடுவான். நூறு தடவை உருட்டி போர்டுல கோடு போட்டுக்கிட்டே வாங்க, 3 முன்னாடி போயிட்டிருக்கும், தாயத்துக்கு எழுதுனவன் கட்டை சரியில்லன்னு சண்டைக்கு வருவான். அப்பத்தான் நீங்க சாக்பீஸ எடுக்கணும். மொத்தம் 16 விதமா விழலாம், அதுல 3 வர்றது 4 விதம், தாயம் 2 விதம், 12 ஒரே விதம். அதாவது தாயம் சராசரியா எட்டு உருட்டுக்கு ஒண்ணு, வீட்டுல எல்லாரும் விழமாட்டேங்குதுன்னு பொலம்புறது நியாயம்தான். கோவத்துல இருக்கிறவனுக்கு இந்த 16 ஒரு தடவை சொன்னாலே போதும், மறக்காது. சத்தம் வரத்தான் செய்யும், பக்கத்து கிளாஸ் டீச்சரையும் ஒரு நம்பர் எழுதச் சொல்லிடுங்க.

இன்னொண்ணு, தப்பு விடைய பேர் சொல்லாம போர்டுல எழுதி, இது எப்படி வந்திருக்கும்னு கிளாஸையே துப்பறிய விடுங்க. எழுந்து நின்னு முழிக்கிற பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல்.

கேள்வி: எனக்கு வயசு 79. எங்க காலத்துல வாய்ப்பாடு தப்பா சொன்னா பிரம்படிதான், அப்படித்தான் கத்துக்கிட்டோம். பேரன் ஸ்கூல்ல விளையாட்டு விளையாட்டுன்னு நேரத்தைப் போக்குறாங்க. இது உருப்படுமா? (பள்ளத்தூர் வாசகர்)

பதில்: வாய்ப்பாடு வேணும்ங்கய்யா, அதுல உங்க கட்சிதான் நான். பிரம்புலதான் எனக்கு உடன்பாடில்ல, பிரம்படியில கணக்கையே விட்டு ஓடுனவங்க யாரும் இப்படி லெட்டர் போட மாட்டாங்க பாருங்க. உங்ககிட்ட அதைவிடப் பெரிய சரக்கு இருக்கு. அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி, இதெல்லாம் உங்க அய்யா சொல்லிக் கேட்டிருப்பீங்க. செட்டிநாட்டு வட்டிக்கடைல பெட்டியடிப் பையனா, அதாவது தொழில் பழகுற சின்னப் பையனா, போய் உக்காந்தவங்கல்லாம் இந்தக் கணக்கை மனசுலயே போட்டவங்க. பேரன்கிட்ட ஒரு கருப்பட்டி வட்டைக் குடுத்து பாதியாக்கிக்கிட்டே போகச் சொல்லுங்க, அரை, கால், அரைக்கால், மாகாணி, அதாவது 16-ல ஒண்ணு. 1957-க்கு முன்னாடி ரூபாய்க்கு 16 அணா, மாகாணி ரூபான்னா ஓரணா, அந்தக் காசுக்கு என்ன வாங்குனீங்கன்னு சொல்லுங்க. முந்திரி 320-ல ஒண்ணு, அதை மட்டும் கருப்பட்டில வெட்ட முடியாது, அது எப்படி வரும்னு அவனையே யோசிக்க விடுங்க. 20-ல ஒண்ணு மா, அதுல கால் காணின்னு துப்புக் குடுத்தாப் போதும்.

கேள்வி: பையன் எல்கேஜி. மொபைல்ல கணக்கு ஆப் போட்டுக் குடுக்கலாமா? (காரைக்குடி வாசகி)

பதில்: நிறைய ஆப்ல டைம் ஓடிக்கிட்டே இருக்கும், பட்டாசு வெடிக்கும், உள்ள பாத்தா அதே டெஸ்ட்தான். இந்த வயசுக்கு நம்பர் கட்டம் போட்ட பலகை போதும். 2008-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல ஏழை வீட்டுச் சின்னப் பிள்ளைகளை 1-லருந்து 10 வரைக்கும் வரிசையா எழுதுன கட்டத்துல ஆடவிட்டாங்க, கால் மணி இருபது நிமிசம்னு நாலே தடவைதான், நம்பர் புரியுறது நல்லாவே கூடுச்சு, வெறும் கலர் கட்டத்துல ஆடுன பிள்ளைகளுக்குக் கூடல. காய் நகத்தும்போது "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணாம கட்டத்துல இருக்கிற நம்பரையே சொல்ல வைங்க, 4-ல இருந்து ரெண்டு விழுந்தா "அஞ்சு, ஆறு". அது பழகுனதும் பரமபதத்துக்குப் போகலாம். அங்க பாம்பு கொத்துனா அழுவான், அழட்டும், எத்தனை கட்டம் எறங்குனேன்னு மட்டும் அந்த நேரத்துல கேட்டுடாதீங்க.