15 லட்சம் எம்பிஏவுக்கு முன்னால் இரண்டு வருஷம் ஷூ கம்பெனி

வாலாஜாவில் இருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

மகள் மெக்கானிக்கல் முடித்துவிட்டாள், ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனி ட்ரெயினி வேலைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது, ஆனால் அவள் ‘இன்னொவேஷன் அண்ட் ஸ்ட்ராட்டஜி’ என்று பெயர் போட்ட எம்பிஏவில்தான் சேருவேன் என்கிறாள், அதற்கு 15 லட்சம், வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்க வேண்டும், இப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது அம்மா. ஒரு கம்பெனி தன் பொருளையோ வேலை செய்யும் முறையையோ மாற்றும்போது அதைப் பொறுப்பெடுத்து நடத்திக் காட்ட ஆள் வேண்டும், அவர்களுக்கு நல்ல சம்பளமும் உண்டு. ஆனால் படிப்பு முடித்த கையோடு வருகிற யாரிடமும் எந்த முதலாளியும் அந்தப் பொறுப்பைக் கொடுக்க மாட்டார். வேலையில் சேரட்டும், எம்பிஏ இரண்டு வருஷம் கழித்து. இதுதான் என் பதில், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்துத் தோல் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973ல் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது, பாதி பதனிட்ட தோலுக்கும் அதை ஒட்டியே கட்டுப்பாடு வந்தது. ஆவாரம்பட்டையில் பதனிட்டு அப்படியே கப்பலேற்றிப் பழகிய ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்கள் முழுதாக வேலை முடித்த ஃபினிஷ்டு லெதருக்கும், அப்புறம் ஷூவின் மேல்பகுதியான அப்பருக்கும், பிறகு முழு ஷூவுக்கும் போக வேண்டியதாயிற்று. தோல் பதனிடும் டேனரிகளின் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்ட கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அதைப் பற்றிய வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று சொன்னது, சுத்திகரிப்பு இல்லாமல் டேனரி நடத்தவே முடியாது என்ற நிலை வந்தது. 2015 மே முதல் ஐரோப்பாவில் உடம்பில் படும் தோல் பொருள்களில் ‘குரோமியம்-6’ என்ற நச்சு ரசாயனம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே விற்க முடியாது.

இந்த மாற்றம் எதையும் யாரும் ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை, அரசும் கோர்ட்டும் வெளிநாட்டு பையரும் நெருக்கியதால் வந்தவை. இப்படி நெருக்கடி வரும்போது பையர் அனுப்பிய டெஸ்ட் ரிப்போர்ட்டையும் படிக்கத் தெரிந்து, தோல் பதனிடும் எந்த ட்ரம்மில் எந்தக் கெமிக்கலை மாற்றினால் அந்த ரிப்போர்ட் மாறும் என்றும் தெரிந்தவர்தான் கம்பெனிக்கு வேண்டும். முதல் பாதியை வகுப்பில் படிக்கலாம். இரண்டாவது பாதிக்கு உள்ளே போய் நிற்க வேண்டும்.

கட்டிங் செக்‌ஷனில் கம்ப்யூட்டர் மெஷின் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் கணக்கு அழகாக வரும், வேஸ்ட் குறையும், பீஸ் கூடும். ஆனால் தோல் துணி மாதிரி ஒரே சீராக இருக்காது, முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும், நடுவில் உண்ணி கடித்த தழும்பு, கம்பி கிழித்த கோடு. ஷூவின் முன்பக்கத்துக்கு எந்த இடத்தில் வெட்ட வேண்டும், நாக்குக்கு எந்த இடம் போதும் என்பது பத்துப் பதினைந்து வருஷம் கத்தி பிடித்த கட்டருக்குக் கையிலேயே தெரியும். மெஷின் சரியாக வெட்ட வேண்டுமென்றால் அவர்தான் முதலில் தோலில் குறையை அடையாளம் போட்டுக் கொடுக்க வேண்டும். அவர் ஏன் கொடுப்பார்? தன் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார், அதோடு புது மெஷினில் கை பழகும் வரை டார்கெட் எட்டாது, இன்சென்டிவ் குறையும், அந்த மாசம் சீட்டுப் பணம் கட்ட முடியாது. இதைப் பார்க்காமல் மேலிருந்து சர்க்குலர் விட்டால் மெஷின் ஓடும், ஆனால் தோல் வீணாகும், கடைசியில் ‘ஆட்கள் ஒத்துழைக்கவில்லை’ என்று ரிப்போர்ட் போகும். கை பழகும் வரை பழைய இன்சென்டிவ் குறையாது என்று எழுதிக் கொடுத்து, மூத்த கட்டர் இரண்டு பேரை மெஷின் தேர்வு செய்யும்போதே கூட உட்கார வைப்பவர்தான் மாற்றத்தை நடத்தத் தெரிந்தவர். உங்கள் மகள் கனவு காணும் வேலை இதுதான், அதன் பாதி சம்பளக் கணக்கில் இருக்கிறது.

அதனால் சேர்ந்ததும் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) டிபார்ட்மென்ட் கேட்கச் சொல்லுங்கள். ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் எடுப்பது, வரிசையில் ஒவ்வொருவருக்கும் வேலையைச் சமமாகப் பிரிக்கும் லைன் பேலன்ஸ் செய்வது எல்லாம் ஆரம்பத்தில் சலிப்பாக இருக்கும். ஆனால் கம்பெனியில் பணம் எங்கே ஒழுகுகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். ‘பொம்பளைப் பிள்ளையை ஷூ கம்பெனிக்கு அனுப்புவதா’ என்றும் எழுதியிருந்தீர்கள். ஷிஃப்ட் விடும் நேரத்தில் சிப்காட் பக்கம் போய்ப் பாருங்கள் அம்மா, கம்பெனி பஸ் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்தான். மெஷினில் அத்தனை பெண்கள் இருக்கும்போது முடிவெடுக்கும் அறையிலும் பெண்கள் உட்கார வேண்டும், உங்கள் மகள் அங்கே போக ஆசைப்படுகிறாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த ஆசையைத் திட்டி அடக்கிவிடாதீர்கள்.

எம்பிஏவுக்கு வருவோம். இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ் என்ற ஐ.எஸ்.பி.யின் முக்கியமான கோர்ஸுக்கு இரண்டு வருஷ வேலை அனுபவமே அடிப்படைத் தகுதி. ஐ.ஐ.எம். என்றால் கேட் நுழைவுத் தேர்வு, அங்கேயும் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. அரசு, உதவி பெறும் கல்லூரி என்றால் தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான டான்செட், செலவு மிகக் குறைவு. வேலைக்குப் போய்க்கொண்டே இதற்கெல்லாம் படிக்கலாம். இப்போது 15 லட்சம் கேட்கும் கல்லூரியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: போன வருஷம் இந்தப் பிரிவில் முடித்தவர்கள் என்ன பதவியில் சேர்ந்தார்கள், பட்டியல் காட்டுங்கள். சராசரி சம்பளம் வேண்டாம், பதவி வேண்டும். பாதிப் பேர் ஏரியா சேல்ஸ் என்று வந்தால் அந்தப் படிப்புக்கு வீட்டுப் பத்திரம் வெளியே போகக் கூடாது.

சேரும் தேதி அடுத்த வாரம் என்றீர்கள். அதற்குள் ஹெச்.ஆரிடம் பாண்ட் (இத்தனை வருஷம் வேலையை விடக் கூடாது என்ற ஒப்பந்தம்) உண்டா, எத்தனை வருஷம், பி.எஃப். முதல் மாசத்தில் இருந்தே பிடிப்பார்களா, ட்ரெயினிங் முடிந்ததும் எந்த டிபார்ட்மென்ட் என்று மெயிலில் கேட்டு, பதிலும் மெயிலிலேயே வாங்கச் சொல்லுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பாண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.