வலப்பக்கமே சுற்றும் அப்பாச்சியும் முப்பத்தைந்தாயிரம் ரூபாய்ச் சான்றிதழும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். வயது 27, சிப்காட்டில் ஷிப்ட் வேலை. டிசிஎஸ் வேர்ல்டு என்ற கம்ப்யூட்டர் விமான சிமுலேட்டரில் ஏஎச்-64டி அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டரை விலைக்கு வாங்கி மூன்று மாதமாக ஓட்டிப் பழகுகிறேன். தரையை விட்டு எழுந்தவுடன் மூக்கு வலப்பக்கம் சுற்றி, சாய்ந்து விழுந்துவிடுகிறது. சில நாள் என்ஜினே ஸ்டார்ட் ஆவதில்லை. ஜாய்ஸ்டிக் பழுதாகிவிட்டது, 18,000 ரூபாய்க்குப் பெடல் செட் வாங்கினால்தான் சரியாகும் என்கிறார் கடைக்காரர். புதுச்சேரியில் ஒரு பயிற்சி மையத்தில் 35,000 ரூபாய் கட்டினால் 40 மணி நேரம் சொல்லிக்கொடுத்துச் சான்றிதழும் தருவார்களாம். அந்த மணிக்கணக்கு பைலட் லைசென்சுக்குச் சேரும் என்கிறார்கள். எதை முதலில் செய்வது?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். மூக்கு வலப்பக்கம் திரும்புவது பழுதே இல்லை. அப்பாச்சி அப்படித்தான் திரும்பும்; திரும்பாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தே சொன்னாரா என்று என்னைக் கேட்காதீர்கள், அவரையே கேளுங்கள்.

நீர்மூழ்கி மோட்டாரைப் போர்வெல்லில் இறக்கி முதல் தடவை சுவிட்சைப் போடும்போது பார்த்திருப்பீர்கள். உள்ளே தண்டு ஒரு பக்கம் சுழல, மோட்டாரின் உடல் எதிர்ப்பக்கம் உதறும். மேலே குழாயைப் பிடித்திருப்பவர் கையில் அந்தத் திருகல் தெரியும். அப்பாச்சியின் பெரிய ரோட்டர், அதாவது தலைக்கு மேல் சுழலும் இறக்கைத் தொகுதி, மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகவே உடல் வலப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. இடக்கையிலுள்ள கலெக்டிவை, அதாவது ஹெலிகாப்டரை மேலே தூக்கும் கைப்பிடியை, உயர்த்த உயர்த்த இந்தத் திருகல் கூடும். அதைத் தடுக்கத்தான் வால் ரோட்டர் இருக்கிறது. அதற்குக் கட்டளை போவது பெடலிலிருந்து. கலெக்டிவ் ஏறினால் இடது பெடல் வேண்டும், இறங்கினால் அதைத் தளர்த்த வேண்டும். உங்கள் ஜாய்ஸ்டிக்கின் பிடி திருகக்கூடியதாக இருந்தால் அந்தத் திருகலே பெடல். அதற்காகப் பதினெட்டாயிரம் செலவழிக்க வேண்டியதில்லை.

நான் ராணுவத்தில் சேத்தக் ஹெலிகாப்டர்களைப் பராமரித்தவன். அது பிரெஞ்சு வடிவமைப்பு, ரோட்டர் கடிகாரத் திசையில் சுற்றும், வலது பெடல் கேட்கும். ஓய்வுபெற்று லாஸ்பேட்டைக்கு வந்த பிறகு முதன்முறை சிமுலேட்டரில் அப்பாச்சியில் உட்கார்ந்தபோது பழக்கத்தில் வலது பெடலை மிதித்தேன். பம்பரம்போல் இரண்டு சுற்று சுற்றி, வால் உடைந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த என் பேத்தி, ‘தாத்தா, நீங்கள் ஹெலிகாப்டர் வேலைதானே பார்த்தீர்கள்?’ என்று கேட்டாள்.

சாய்ந்து விழுவதற்குக் காரணம் உங்கள் அவசரம். கலெக்டிவை ஒரே இழுப்பில் உயர்த்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே, உடல் லேசாகத் தொடங்கும் இடம் வரை உயர்த்தி, அங்கேயே நிறுத்துங்கள். மூக்கு எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று கவனித்து, இடது பெடலால் அடக்குங்கள். வால் ரோட்டரின் தள்ளலால் முழு உடலும் வலப்பக்கம் நகரவும் பார்க்கும்; அதற்கு சைக்ளிக்கை, அதாவது சாய்வைக் கட்டுப்படுத்தும் ஸ்டிக்கை (உங்களிடம் அது ஜாய்ஸ்டிக்), கொஞ்சம் இடப்பக்கம் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு விரற்கடை உயர்த்துங்கள். அந்தரத்தில் நிற்கும் அப்பாச்சி இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்துதான் நிற்கும். அதை மட்டம் பார்த்துச் சரிசெய்யப் போனால் வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போவீர்கள். கண் மூக்கின் அடியில் இருக்கக் கூடாது, நூறு மீட்டர் தள்ளி ஏதாவது ஒரு மரத்தில் இருக்கட்டும். ஜாய்ஸ்டிக்கைக் கடப்பாரை பிடிப்பதுபோல் பிடிக்காமல் இரண்டு விரலால் பிடியுங்கள். முதல் பத்து நாளும் ஐந்தடி உயரத்தில் நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்ய வேண்டாம். ஏவுகணை எங்கும் ஓடிவிடாது.

இவ்வளவு செய்தும் அடங்கவில்லை என்றால் அப்போது கருவியைச் சந்தேகியுங்கள். சோதிப்பதற்குக் காசு வேண்டாம். ஹெலிகாப்டருக்குள் உட்கார்ந்து, வலப்பக்கத்துக் கன்ட்ரோல் விசையையும் என்டரையும் சேர்த்து அழுத்துங்கள். திரையின் மூலையில் ஒரு சிறு கட்டம் வரும். ஸ்டிக், பெடல், கலெக்டிவ் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று அதில் குறிகள் காட்டும். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அதை ஒரு நிமிடம் பாருங்கள். குறி அசையாமல் நின்றால் ஜாய்ஸ்டிக் நலம், குறை உங்களிடம். குறி தானே நடுங்கினால் உள்ளே தொடுமுனை கெட்டிருக்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவினால், அல்லது பெடல் குறி ஒரு பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தால், ஒரே வேலைக்கு இரண்டு கருவிகள் போட்டி போடுகின்றன.

இந்த மூன்றாவதுதான் நான் அதிகம் பார்ப்பது. புதிதாக எந்தக் கருவியைச் செருகினாலும் அதன் எல்லா ஆக்சிஸையும், அதாவது தள்ளியோ திருகியோ அசைக்கிற ஒவ்வொரு கட்டுப்பாட்டையும், தானே ஏதாவது ஒரு வேலைக்கு ஒதுக்கிவிடுகிறது இந்த சிமுலேட்டர். கேட்டு ஒதுக்குவது, ஒதுக்கிவிட்டுச் சொல்வது என்ற வழக்கமே அதற்கு இல்லை. இத்தனை ஆண்டுகளாக இதை ஏன் மாற்றவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. சென்ற மழைக்காலத்தில் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பையன் கம்ப்யூட்டரையே ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். இரண்டு ஜாய்ஸ்டிக் மாற்றிவிட்டானாம், ஹெலிகாப்டர் நிற்கவில்லையாம். கட்டத்தைத் திறந்தோம், பெடல் குறி இடது ஓரத்தில் ஆணி அடித்ததுபோல் நின்றது. பின்பக்கம் பார்த்தால் கார் பந்தய விளையாட்டுக்கு வாங்கிய ஸ்டியரிங்கின் வயர் செருகியிருந்தது. வீட்டில் மேஜைக்கடியில் கிடந்த அதன் பிரேக் பெடலை அவன் இங்கே கொண்டுவரவில்லை. வயரும் பெட்டியும் மட்டும் வந்திருந்தன. அந்தப் பிரேக்குக்கான ஆக்சிஸ்தான் அப்பாச்சியின் பெடலாகப் பதிவாகியிருந்தது. பதிவை அழித்தேன், முடிந்தது. இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை விற்றவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். அமைப்புகளில் கன்ட்ரோல்ஸ் பகுதிக்குப் போய், அப்பாச்சியைத் தேர்ந்தெடுத்து, ஆக்சிஸ் பட்டியலைத் திறவுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு கட்டத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். மற்றதை அழியுங்கள். அப்பாச்சியில் பைலட்டின் பின் இருக்கைக்கும் துப்பாக்கி இயக்குபவரின் முன் இருக்கைக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். ஒன்றில் சரிசெய்துவிட்டு மற்ற இருக்கைக்குப் போய், ‘மறுபடி கெட்டுவிட்டது’ என்று தலையில் கை வைப்பவர்கள் ஏராளம். ஜாய்ஸ்டிக்கை எந்த யுஎஸ்பி துளையில் செருகினீர்களோ அந்தத் துளைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். துளை மாறினால் சில நேரம் புதிய கருவி என்று எண்ணி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒதுக்கிவிடும்.

குறி நடுங்குகிறது என்றால் கடல் காற்று. மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை எவ்வளவு தூரம்? ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மலிவான ஜாய்ஸ்டிக்கை மேஜையில் விட்டால், உப்பு அதன் தொடுமுனைகளைத் தின்றுவிடும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே என்று கேட்டு வாங்குங்கள். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் விட்டுக் கொன்ற ஜாய்ஸ்டிக்குகளை நான் பார்த்திருக்கிறேன். விளையாடாத நேரத்தில் ஒரு துணி போட்டு மூடுங்கள்.

அடுத்தது டிரிம், அதாவது ஸ்டிக்கைப் பிடித்த நிலையை அப்படியே நிறுத்திவைக்கும் வசதி. ஸ்பிரிங் உள்ள ஜாய்ஸ்டிக்கைத் தள்ளிப் பிடித்தபடி டிரிம் பொத்தானை அழுத்திவிட்டால், அந்த நிலையை ஹெலிகாப்டர் நினைவில் வைத்துக்கொள்ளும். கையை உடனே எடுக்காவிட்டால் நினைவில் இருப்பதும் கையில் இருப்பதும் கூடி இரட்டிப்பாகித் தூக்கி எறியும். சிறப்பு அமைப்புகளில் டிரிம்மரை ‘நடுநிலை’ முறைக்கு மாற்றுங்கள். ஜாய்ஸ்டிக் நடுவுக்குத் திரும்பும் வரை அடுத்த அசைவை அது ஏற்காது. உப்பு ஏறிய ஜாய்ஸ்டிக் சரியாக நடுவுக்கு வராது, அப்போது எல்லாம் உறைந்துபோனதுபோல் தோன்றும். அதற்குச் சிறிது டெட்ஸோன், அதாவது நடுவில் சிறு அசைவைப் பொருட்படுத்தாத இடைவெளி, கொடுத்தால் போதும்.

நான் சொன்ன இடது பெடல் கணக்கு இதே சிமுலேட்டரில் உள்ள ரஷ்ய ஹெலிகாப்டரான கா-50 பிளாக் ஷார்க்குக்குப் பொருந்தாது. இதை விரிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அப்பாச்சியில் தோற்றவர்களை ‘இது சுலபம்’ என்று கா-50 பக்கம் தள்ளிவிடுகிறார்கள். அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரோட்டர்கள், எதிரெதிர்த் திசையில் சுழல்கின்றன. ஒன்றின் திருகலை மற்றது தின்றுவிடும். வால் ரோட்டரே கிடையாது. கலெக்டிவை உயர்த்தினால் மூக்கு நேராகவே நிற்கும், முதல் நாளே அந்தரத்தில் நிற்கலாம். சரி, சுலபம்தான். ஆனால் அதன் தானியங்கி, டிரிம் பொத்தானை நீங்கள் கடைசியாக விட்டபோது மூக்கு எந்தத் திசையில் இருந்ததோ அதைப் பிடித்துவைக்கும். நீங்கள் கடலூர் பக்கம் திருப்பினால் அது புதுச்சேரி பக்கமே இழுக்கும். பேய் ஓட்டுகிறது என்பார்கள். பேயெல்லாம் இல்லை, திரும்பும்போது டிரிம் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, திரும்பி முடித்ததும் விட வேண்டும். இன்னொன்று, வேகமாகப் போகும்போது முரட்டுத்தனமாகத் திருப்பினால் மேல் ரோட்டரும் கீழ் ரோட்டரும் மோதி உடையும். கா-50 ஓட்டிப் பழகியவன் அப்பாச்சிக்கு வந்தால் கால் உறங்கிப்போயிருக்கும், மறுபடி முதலிலிருந்துதான். உங்களுக்கு அப்பாச்சிதான் வேண்டுமென்றால் அப்பாச்சியிலேயே இருங்கள்.

இனி அந்தச் சான்றிதழ். ஒரு மணி நேரம்கூடச் சேராது. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அங்கீகரித்த கருவியில், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில், தகுதியுள்ள பயிற்றுநரோடு கழித்த நேரத்துக்குத்தான் கணக்கு. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளுக்கு எந்த வரிசையிலும் இடமில்லை. தாக்குதல் ஹெலிகாப்டர் என்பதில் தனியார் லைசென்ஸ் என்ற பேச்சே கிடையாது. அப்பாச்சியும், இந்தியத் தயாரிப்பான பிரசண்ட் தாக்குதல் ஹெலிகாப்டரும் நம் நாட்டில் விமானப்படையிடமும் ராணுவத்திடமும்தான் இருக்கின்றன. விமானப்படையின் பறக்கும் பிரிவுக்கு ஏஎஃப்கேட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகப் போக வயது வரம்பு 24, வணிக பைலட் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு 26. உங்களுக்கு 27. இதைச் சொல்லாமல் 35,000 ரூபாய் கேட்டவரை என்ன சொல்வது? நம் பக்கத்தில் நிஜமாகவே ஹெலிகாப்டர் பைலட்டுகள் உருவாகிற இடம் அரக்கோணத்திலுள்ள கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி. அதன் வாசலில் ரசீது புத்தகத்தோடு யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. தையல் வகுப்பு நடத்த ஆயிரம் தாள் கேட்கிற ஊரில், ‘தாக்குதல் ஹெலிகாப்டர் பயிற்சி’ என்று பலகை மாட்ட ஒரு தாளும் கேட்பதில்லை.

இதே வகையறாவில் இன்னொன்று, ‘எல்லா விமானமும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்’ என்று விற்கப்படும், இந்த சிமுலேட்டரின் பழைய கணக்குகள். கடவுச்சொல்லை நீங்கள் மாற்றினாலும் முதல் மின்னஞ்சல் விற்றவனிடம்தான் இருக்கும். ஒரு மாதத்தில் கணக்கு அவனிடமே திரும்பிப் போய்விடும். டிசிஎஸ் வேர்ல்டின் அடிப்படை மென்பொருள் இலவசம், சு-25டி போர்விமானம் அதோடு சும்மா வருகிறது. அந்நிறுவனத்தின் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிக்கொண்டால், வாங்குவதற்கு முன் ஒரு மாட்யூலை (தனியாக விற்கப்படும் ஒரு விமானத்தை) 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். இதை எந்தக் கடைக்காரரும் உங்களிடம் சொல்ல மாட்டார்.

என்ஜின் ஸ்டார்ட் ஆகாதது சின்ன விஷயம். ஏபியு என்கிற சிறிய துணை என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது தரும் காற்றழுத்தத்தில்தான் பெரிய என்ஜின்கள் சுழலத் தொடங்கும். அடுத்து, ஸ்டார்ட் சுவிட்சைத் தொடும்போது பவர் லீவர், அதாவது என்ஜினின் சக்தியைக் கட்டுப்படுத்தும் கைப்பிடி, ஆஃப் நிலையில் இருக்க வேண்டும். என்ஜின் சுழற்சியைக் காட்டும் எண் ஏறத் தொடங்கிய பிறகு ஐடிலுக்கு (மெதுவாக ஓடும் நிலைக்கு) அதைத் தள்ள வேண்டும். உங்கள் ஜாய்ஸ்டிக்கின் த்ராட்டில் தானாகவே பவர் லீவராகவும் பதிவாகியிருந்தால் அது ஆஃபில் நிற்காது. ‘சில நாள்’ மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், த்ராட்டிலை எங்கே விட்டுவிட்டு எழுந்து போனீர்கள் என்பதைப் பொறுத்து அப்படித்தான் நடக்கும். அதே ஆக்சிஸ் பட்டியலில் அதையும் அழியுங்கள். அதுவரை இடது விண்டோஸ் விசையையும் ஹோம் விசையையும் சேர்த்து அழுத்தினால் எல்லாவற்றையும் தானே ஸ்டார்ட் செய்யும். மடிக்கணினியாக இருந்தால் ஹோம் விசை எஃப்என் விசையின் கீழ் ஒளிந்திருக்கும். அது ஸ்டார்ட் செய்து முடிக்கும் வரை எதையும் தொடாதீர்கள்.