அடர்த்தி வேறு, நெரிசல் வேறு: பெருந்தொற்றும் நகரமும் – கேள்வி பதில்

நகரமைப்பில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக் கேளுங்கள்.

சென்னை, மும்பை மாதிரி ஊர்களில் ஜனம் நெருக்கமாக இருந்ததால்தானே கொரோனா இந்த ஆட்டம் ஆடியது? – பெரம்பூர்வாசி

சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்பது அடர்த்தி. ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பது நெரிசல். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். நியூயார்க்கில் அடர்த்தி அதிகம் மான்ஹாட்டனில். 2020இல் அதைவிட அதிகமாக அடி வாங்கியது பிராங்க்ஸும் குயின்ஸும். மான்ஹாட்டன்காரர்களில் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தார்கள், வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டே கிளம்பிவிட்டார்கள். அந்தப் பக்கமோ ஒரே வீட்டில் பல பேர், வெளியே போனால்தான் சம்பளம்.

இன்னொன்று, 2020 மார்ச்சில் சியோலில் நடந்தது. 19 மாடிக் கட்டடம். 11ஆவது மாடி கால் சென்டரில் வேலை பார்த்த 216 பேரில் 94 பேருக்குத் தொற்று. மற்ற மாடிகள் எல்லாவற்றிலும் சேர்த்து மூன்றே பேர். வாசலும் லிஃப்டும் எல்லோருக்கும் பொது. நாள் முழுக்க ஒட்டி உட்கார்ந்து பேசிய அந்த ஒரு ஹாலில்தான் வினை.

மும்பை தாராவி எப்படித் தப்பித்தது சார்? – நெல்லைக்காரன்

உங்கள் சீமையிலிருந்து தோல் பதனிடப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், கேள்வி வரும் என்று தெரியும். 2020 ஏப்ரல் 1இல் முதல் நோயாளி. சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டரில் எட்டு லட்சத்துக்குக் குறையாத ஜனம். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர், கழிப்பறை தெருவுக்கே பொது. அவர்களிடம் போய் ‘வீட்டிலேயே இரு’ என்றால் சிரிப்பார்கள். மாநகராட்சி அதைப் புரிந்துகொண்டது. பள்ளிக்கூடம், கல்யாண மண்டபங்களில் ஆட்களைத் தனியே தங்க வைத்து, சாப்பாடு போட்டது. வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்தார்கள், பொதுக் கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே பாராட்டினார்.

ஆனால் ‘தப்பித்தது’ என்று சொல்ல மாட்டேன். அதே ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தாராவி அதில் இல்லை. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. மற்ற இடங்களில் 16. ஒரே வார்டு, ஒரே அடர்த்திக் கணக்கு. நடுவில் ஒரு சுவர்.

ஊருக்கு வெளியே பிளாட் வாங்கினால் பாதுகாப்பா? – தாம்பரம் தம்பி

தம்பி, ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் பாருங்கள்.

எந்த முகக்கவசம் நல்லது?

டாக்டரைக் கேளுங்கள்.

சென்னையைக் கெடுத்தது கோயம்பேடுதானே? – அண்ணாநகர் அம்மா

நெரிசல் தாங்காமல்தான் பழைய காய்கறிச் சந்தையான கொத்தவால்சாவடியை 1996இல் கோயம்பேட்டுக்குக் கொண்டுபோனார்கள் அம்மா. 295 ஏக்கர். அவ்வளவு இடம் கொடுத்தும் 2020 ஏப்ரல் கடைசியில் அங்கே வெடித்தது. மே 5இல் மூடினார்கள். கடை திருமழிசைக்குப் போனது.

295 ஏக்கர் என்று சொல்லி எங்கள் தலையில் கட்டாதீர்கள் ஐயா. நாலு நாள் முழு ஊரடங்கு என்று முந்தின நாள் சொன்னது யார்? – மண்டிக்காரர்

நியாயம். ஏப்ரல் 24இல் அறிவிப்பு, 26இலிருந்து முழு அடைப்பு. நடுவில் இருந்த 25ஆம் தேதி ஊரே கோயம்பேட்டில் நின்றது. அந்தக் கூட்டம் ஒரு காகிதத்தால் வந்தது.

அப்போ தப்பு எங்கள் மேல் இல்லை என்று ஒத்துக்கொள்கிறீர்களா? – மண்டிக்காரர்

பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன் அண்ணாச்சி. மூட்டை தூக்கியவர்கள் ராத்திரி எங்கே படுத்தார்கள்? கடை நடைபாதையில், அல்லது பக்கத்துத் தெரு ஒற்றை அறையில் பத்துப் பேராக. கடையை மூடியதும் அவர்கள் கிடைத்த லாரியில் ஏறினார்கள், தொற்று கடலூர், விழுப்புரம், அரியலூர் போய்ச் சேர்ந்தது. சரக்குக்கு ஏக்கர் கணக்கில் இடம் போட்ட நாங்களும், தூக்குகிறவனுக்குப் பாய் விரிக்க இடம் யோசிக்கவில்லை. ‘நாங்கள்’ என்பதில் என் துறையும் சேர்த்தி.

அப்படியானால் குடிசைகளை எடுத்துவிட்டால் நோய் போய்விடுமே?

இதைத்தான் பயந்துகொண்டிருந்தேன். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் வந்தது. தெருவை அகலப்படுத்த வீடுகளை இடித்தார்கள். இடிபட்டவன் எங்கே போவான்? அடுத்த சந்தில், இன்னும் நெருக்கிப் படுத்தான். நம் ஊரில் 2000வாக்கில் குடிசைவாசிகளை ஊர்க் கோடியில் இருக்கும் கண்ணகி நகருக்கு அனுப்பினார்கள். வேலை ஓரிடம், வீடு ஓரிடம். ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் இருநூறு சதுர அடிகூட இல்லை. நோயைச் சாக்கு வைத்துக் கடப்பாரை எடுக்காதீர்கள். ஒரு குழாய், ஒரு கக்கூஸ், ஒரு ஜன்னல், இருக்கிற இடத்திலேயே.

செங்கல்பட்டில் பிளாட்…

மூன்றாவது ஆள் நீங்கள். மேலே பாருங்கள்.

அப்போது ரோட்டில் சுண்ணாம்பு வட்டம் போட்டார்களே, பலன் இருந்ததா? – பழைய வண்ணாரப்பேட்டை

எங்கள் தெருவில் தண்ணி லாரி வரும் இடத்தில் ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டார்கள். ஜூன் வெயில். வட்டத்துக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் குடங்கள் ஒழுங்காக நின்றன. குடத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வேப்பமர நிழலில் தோளோடு தோள் நின்று லாரி எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.